சரக்கு வந்தது, பில்லில் பெயர்தான் தப்பு: ஜிஎஸ்டி காலத்து அனுபவம்

2016இல் மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2015 ஏப்ரல் 1இல் ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) வந்ததிலிருந்து, பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான ரெசின் மூட்டைகளுக்குக் கட்டும் 6 விழுக்காட்டை, ஜிஎஸ்டி-03 என்ற வரிக் கணக்குப் பாரத்தில் உள்ளீட்டு வரியாக, அதாவது வாங்கும்போது கட்டிய வரியாக, நாங்கள் செலுத்த வேண்டிய வரியிலிருந்து கழித்துக்கொள்வோம். தணிக்கைக்கு வந்த அதிகாரி ஃபைலைப் புரட்டி ஏழு பில்களை மட்டும் தனியாக எடுத்து வைத்தார். ஏழிலும் வாங்கியவர் இடத்தில் கம்பெனி பெயர் இல்லை, முதலாளியின் சொந்தப் பெயர். அவர் ஃபோனில் ஆர்டர் சொல்வார், சப்ளையர் அவர் பெயரிலேயே போட்டுவிடுவார், நானும் தொகையை மட்டும் பார்த்துப் பதிந்திருக்கிறேன்.

“சரக்கு வரவில்லை என்று சொல்லவில்லை, ஆனால் இது கம்பெனியின் பில் இல்லையே” என்றார் அதிகாரி. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

காப்பாற்றியது ஸ்டோர் அண்ணன்தான். சரக்கோடு வரும் டெலிவரி ஆர்டர் சீட்டு ஒவ்வொன்றிலும் கம்பெனி முத்திரை, லாரி நம்பர், எத்தனை மூட்டை என்று பேனாவால் எழுதிய குறிப்பு, ஸ்டாக் கார்டில் அதே தேதி. அதையெல்லாம் பேங்க் சீட்டோடு சேர்த்துக் காட்டி, சப்ளையரிடம் பழையதை ரத்து செய்து கம்பெனி பெயரில் புது வரி இன்வாய்ஸ் வாங்கியதில் ஐந்து தேறின. மற்ற இரண்டும் கடையை மூடிவிட்டுப் போன ஒருவருடையவை, அந்த வரி போனது போனதுதான். பொருளே வராத போலி பில்லும் பெயர் மாறிய பில்லும் எனக்கு ஒன்றல்ல, ஆனால் அந்த வித்தியாசத்தை நிரூபிக்கும் காகிதம் நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

பதில்: கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் அச்சகம். எங்களுக்கு பில் சரி, பணம்தான் கட்டவில்லை. காகிதக்காரருக்கு ஆறு மாதமாகப் பாக்கி, அதனால் கழித்த வரியைத் திருப்பிக் கணக்கில் சேர்க்க வேண்டியதாயிற்று. பாக்கியைக் கட்டினால் மறுபடி கோரலாம், சரி, அப்புறம் பார்ப்போம் என்று இருந்தோம். 2018 செப்டம்பர் 1இல் ஜிஎஸ்டியே போய்விட்டது, கடைசிப் பாரத்துக்கு 120 நாள்தான். கடன் வாங்கிப் பாக்கியைக் கட்டி, டிசம்பரில் அந்தப் பாரத்தில் வரியைச் சேர்த்துக் கோரினோம்.

பதில்: முதலில் எழுதியவன்தான். ஜிஎஸ்டிக்குப் பதிலாக வந்த எஸ்எஸ்டியில் (விற்பனை, சேவை வரி) இப்போது அப்படிக் கழிப்பது இல்லை, பதிவு பெற்ற உற்பத்தியாளர் மூலப்பொருளுக்கு வாங்கும் முன்பே விலக்குச் சான்று எடுக்க வேண்டும். சான்றில் இருக்கும் பொருளும் வாங்கப்போகும் ரெசினும் ஒன்றுதானா என்று ஸ்டோர் அண்ணனோடு உட்கார்ந்து பார்த்த பிறகுதான் முதலாளி ஃபோனை எடுக்கிறார்.