புதுப்பிப்பு: என் நாவலில் டிராகனும் யாளியும்

தலைமுறைகளாகப் போரிடும் டிராகன்களைப் பற்றிய என் நாவலில் அவற்றை 'யாளி' என்றே அழைக்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன், பலரும் சம்மதித்தீர்கள். அதன்பின் தாராசுரம் கோயிலுக்குச் சென்று யாளிச் சிற்பங்களை நெடுநேரம் பார்த்தேன். சிங்க உடலும் சிலவற்றில் துதிக்கையும் கொண்ட அவற்றுக்குச் சிறகில்லை, அவை நெருப்பு உமிழ்வதுமில்லை. அவை காவலுக்கு நிற்பவை. ஆகவே டிராகன், டிராகனாகவே இருக்கும். யாளிகள் என் கதையில் அணைகளைக் காக்கும்.

இதைவிட முக்கியமான மாற்றம், போருக்கான காரணம். முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடம், திருவரங்கத்தைத் தீவாக்கி, கல்லணை அருகே மீண்டும் காவிரியை நெருங்குகிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து காவிரியின் நீரை ஈர்த்துக்கொண்டதால்தான் 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டப்பட்டது என்பது என்னை உலுக்கியது, ஏனெனில் என் கதையின் இரு குலங்களும் ஓர் தாய் வயிற்றுப் பிள்ளைகளே. பேரர்களின் காலத்தில், பள்ளத்தில் வாழும் இளைய குலம் தான் திட்டமிடாமலேயே மூத்த குலத்தின் நீரைப் பறிக்கிறது. வெள்ளம் வந்தாலோ அழிவு முழுவதும் அதற்கே. யார் பக்கம் நியாயம் என்று என்னாலேயே சொல்ல முடியாத இந்தப் பகுதியைத்தான் இப்போது திருத்தி எழுதுகிறேன்.