சில்லறையில் வந்த 1944 எட்டணா வெள்ளிதானா? ஏற்காட்டிலிருந்து ஒரு சந்தேகம்

மலைக்கடை
வணக்கமுங்க. ஏற்காட்டுல சின்னதா ஒரு மளிகைக் கடை வெச்சிருக்கேன். ராத்திரி கடை சாத்தறதுக்கு முன்னாடி கல்லாவுல இருக்கற சில்லறையப் பிரிச்சு அடுக்குறது வழக்கம். முந்தாநாள் ரெண்டு ரூபாய் அடுக்குல ஒரு காசு மட்டும் சரியா உட்காரல. எடுத்துப் பார்த்தா ஒரு பக்கம் கிரீடம் வெச்ச ராஜா தலை, இன்னொரு பக்கம் இங்கிலீஷ்ல அரை ரூபாய், இந்தியா, 1944னு இருக்கு. அதே கல்லாவுல ஒரு ரூபாய்க் காசுகளோட இன்னொரு சின்னக் காசும் கெடந்துச்சு. அதுல புலி படம், 1946, கால் ரூபாய்.

பெரிய காசு கருத்துப் போயிருந்துச்சு. புளி போட்டு ஒரு பக்கம் தேய்ச்சேன், மூக்குப் பக்கம் கொஞ்சம் செம்பு நிறமா தெரியுது. அதுல இருந்துதான் எனக்குச் சந்தேகம். வெள்ளின்னா செவக்குமா? கடைத் தராசுல வெச்சா ஒரு நேரம் 5 கிராம், ஒரு நேரம் 6 கிராம் காட்டுது.

இன்னொரு விஷயம். போன்ல ஒரு விளம்பரம் பார்த்துப் படம் அனுப்பினேன். மூணு லட்சம் தர்றோம், பதிவுக் கட்டணம் 2,500 மட்டும் முதல்ல கட்டுங்கன்னு சொல்றாங்க. கட்டலாமா?

அஞ்சுரோடு
கட்டாதீங்கண்ணா. ஒரு பைசா கட்டாதீங்க. எங்க சித்தப்பா இதே மாதிரி கட்டணம், வரி, கமிஷன்னு மூணு தடவ கட்டி ஏமாந்தார். காசு வாங்க வர்றவன் உங்ககிட்ட எதுக்குப் பணம் கேக்கணும்? ரிசர்வ் வங்கி பேரையும் முத்திரையையும் வெச்சு இப்படி ஏமாத்தறாங்கன்னு 2021 ஆகஸ்ட்ல அந்த வங்கியே அறிவிப்பு விட்டுச்சு. அவங்க இந்த மாதிரி வாங்கறதும் இல்ல, விக்கறதும் இல்ல, யாருக்கும் அனுமதி கொடுக்கவும் இல்ல.

பழங்காசுப் பெட்டி
மலைக்கடை ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள். புளியை நிறுத்துங்கள். எலுமிச்சை, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். அந்தக் கருப்பு எண்பது வருடமாகக் காசின் மேல் படிந்தது. அதைத் தேய்த்து எடுத்த காசைச் சேகரிப்பவர் கையில் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார். இனி வெறும் தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி எடுத்து, காகித உறையில் போட்டு வையுங்கள்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. 1939 வரை அடித்த ரூபாயும் எட்டணாவும் 91.7 சதவீதம் வெள்ளி. போர்க்காலத்தில், 1940 முதல், அதைப் பாதியாகக் குறைத்தார்கள்: 50 வெள்ளி, 40 செம்பு, 5 நிக்கல், 5 துத்தநாகம். உங்கள் 1944 காசு இந்த வகை. நாற்பது பங்கு செம்பு இருக்கிற காசு கைபட்டுத் தேயும்போது மூக்கு, கன்னம் மாதிரி மேடான இடங்களில் செம்பு நிறம் காட்டும். அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடக் கூடாது.

புலி போட்ட 1946 கால் ரூபாய் வெள்ளியே இல்லை, சுத்த நிக்கல். காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டும். எட்டணா ஒட்டக் கூடாது. ஆனால் ஒட்டாததெல்லாம் வெள்ளி ஆகிவிடாது. பித்தளையும் ஒட்டாது.

எப்படி அடுக்கில் கலந்தது என்பதும் புரிகிறது. எட்டணாவின் அகலம் 24 மில்லிமீட்டர். 2011க்குப் பிறகு வந்த இரண்டு ரூபாய் 25, 2019 வரிசையில் வந்தது 23. நடுவில் நுழைந்துவிட்டது. நாலணா 19, இப்போதைய ஒரு ரூபாய் 20. அவசரத்தில் வாங்கிப் போடுகிற கைக்கு வித்தியாசம் தெரியாது.

செவ்வாப்பேட்டைப் பட்டறை
நான் கொலுசு வேலைக்காரன். அண்ணே, கடைத் தராசுல இது ஆகாது, அது ஒரு கிராம் ரெண்டு கிராமுக்கெல்லாம் கணக்கு வெச்சது இல்ல. பட்டறையில நாங்க 0.01 கிராம் காட்டுற தராசு வெச்சிருக்கோம். இப்பெல்லாம் சின்னதா சில நூறு ரூபாய்க்கே கெடைக்குது.

பழைய ரூபா 11.66 கிராம், அதாவது சரியா ஒரு தோலா. எங்க தாத்தா காலத்துல ரூபாவையே எடைக்கல்லா வெப்பாங்களாம், நாட்டு மருந்துக்காரங்க இன்னமும் ‘ரூபா எடை’ன்னு சொல்வாங்க பாருங்க, அதுதான். எட்டணா அதுல பாதி, 5.83. தேய்ஞ்சிருந்தா கொஞ்சம் கொறையும்.

எடை மட்டும் பத்தாது, போலிக்காரனும் எடை சேத்துப்பான். தண்ணியில போட்டுப் பாருங்க. தராசுல ஒரு டம்ளர் தண்ணி வெச்சு சுழியம் ஆக்கிருங்க. காச மெல்லிசு நூலுல கட்டி, அடியிலயும் பக்கத்துலயும் படாம முழுசா முங்க விடுங்க. இப்போ தராசு ஒரு எண் காட்டும். காசோட எடைய அந்த எண்ணால வகுத்தா அடர்த்தி. 91.7 வெள்ளின்னா 10.3 பக்கம், பாதி வெள்ளின்னா 9.5 பக்கம், செம்பு நிக்கல் கலவைன்னா 8.9.

ஓமலூரான்
இவ்வளவு எதுக்குங்க, உரைகல்லுல ஒரு கோடு போட்டுத் திராவகம் விட்டா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிரும்.

செவ்வாப்பேட்டைப் பட்டறை
தெரியும்ங்க, தெனமும் அதான் பண்றோம். ஆனா அது உருக்கப் போற வெள்ளிக்கு. கோடு இழுத்தா காசு விளிம்புல காயம் ஆயிரும், அப்புறம் அத மாத்த முடியாது. கல்லுல போட்டுச் சத்தம் பாக்கறதும் வேணாம். வெரல் நுனியில வெச்சு மெதுவா ஒரு தட்டு தட்டுனா போதும், மணி மாதிரி கொஞ்ச நேரம் நிக்கும். விளிம்புல பத்தவெச்ச தடம் இருக்கான்னும் பாருங்க, காசுமாலையில கோத்தது கழண்டு வந்தா வளையம் இருந்த இடம் தெரியும்.

மலைக்கடை
எல்லாருக்கும் நன்றிங்க. பணம் கேட்டவங்க நம்பர மறிச்சுட்டேன். புலிக்காசு காந்தத்துல கப்புனு ஒட்டிருச்சு, எட்டணா ஒட்டல. விளிம்புல தடம் எதுவும் இல்ல.

சேலத்துக்குச் சரக்கு எடுக்க வந்தப்போ ஒரு சின்னத் தராசு வாங்கிட்டேன். எட்டணா 5.71 கிராம். ஆனா தண்ணிக் கணக்குல 0.68 வருது. வகுத்தா 8.4. அப்போ வெள்ளி இல்லையா? ராத்திரி பூரா இதே யோசனை.

செவ்வாப்பேட்டைப் பட்டறை
அவசரப்படாதீங்க. 8.4னா பித்தளைக் கணக்கு, உங்க காசு நிறத்துக்கு அது பொருந்தல. நூலு தடிமனா இருந்தா அதுவும் தண்ணியத் தள்ளும். காசு மேல காத்துக் குமிழ் ஒட்டியிருந்தாலும் எண் ஏறும். டம்ளர் பக்கத்துல காசு பட்டாலும் அப்படித்தான். தையல் நூல விட்டுட்டு நீளமான ஒத்தத் தலமுடியில கட்டுங்க. தண்ணியில ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டா குமிழ் நிக்காது.

முதல்ல தெரிஞ்ச காசுல பழகுங்க. 2011க்கு அப்புறம் வந்த ஒரு ரூபாய், 3.79 கிராம் எடை இருக்கறது, எஃகு. 0.49 பக்கம் காட்டணும். அது சரியா வந்தா உங்க கையும் தராசும் சரி. சேலம் உருக்காலையிலதான் காசுக்கு எஃகு வட்டு வெட்டுறாங்க, அதனால நம்ம ஊரு சரக்கே நமக்கு அளவுகோல்.

பழங்காசுப் பெட்டி
மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள். இந்தச் சின்ன எடையில் 0.01 மாறினாலே விடை நன்றாக நகரும். இன்னொன்று: வருடத்தின் பக்கம் ‘எல்’ என்ற எழுத்து இருக்கிறதா? இருந்தால் லாகூரில் அடித்தது. போர்க்காலத் தேவைக்காக 1943ல் அங்கே ஒரு நாணயச்சாலை திறந்தார்கள்.

ஓமலூரான்
பழைய காசு கெடைச்சா கலெக்டர்கிட்ட ஒப்படைக்கணும்னு ஒரு சட்டம் இருக்கே?

பழங்காசுப் பெட்டி
1878ஆம் வருடப் புதையல் சட்டத்தைச் சொல்கிறீர்கள். அது மண்ணுக்குள் மறைந்து கிடந்து எடுத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருளுக்கு. வீடு கட்டக் குழி தோண்டும்போது பானையில் கிடைத்தால் அவசியம் சொல்லத்தான் வேண்டும். வியாபாரத்தில் சில்லறையாக வந்த காசுக்கு அது பொருந்தாது.

மலைக்கடை
சோப்பும் தலமுடியும்தான் மருந்து. ஒரு ரூபாய் 0.49, நீங்க சொன்னபடியே. எட்டணா மூணு தடவையும் 0.60. வகுத்தா 9.5. சந்தோஷத்துல வீட்டுக்காரிய எழுப்பிக் காட்டினேன். ‘எல்’ எழுத்து இருக்குங்க, லாகூர் காசு.

என்ன விலை போகும்?

பழங்காசுப் பெட்டி
மிகவும் மகிழ்ச்சி. வெள்ளியாக மட்டும் பார்த்தால் அதில் பாதி, மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவு. அன்றைய கிராம் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். போர்க்கால எட்டணா ஏராளமாக அடித்தது, தேய்ந்தும் இருக்கிறது, ஒரு பக்கம் புளியும் பட்டுவிட்டது. அதனால் வெள்ளி விலைக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். லட்சம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் உருக்கிவிடாதீர்கள் ஐயா. இப்போது கல்லாவுக்கு வெள்ளிக் காசு வருவது அத்தனை அபூர்வம். என் அனுபவத்தில், வந்தால் அது புழக்கத்திலிருந்து வராது, யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியிலிருந்துதான் வரும்.

மலைக்கடை
நீங்க கடைசியா எழுதினது மனசுல நின்னுருச்சு. அன்னைக்கு சாயங்காலம் யார் யாரு சில்லறை குடுத்தாங்கன்னு யோசிச்சேன். பக்கத்து மலைக் கிராமத்துல இருந்து ஒரு பையன் பொரி வாங்க வந்தான், உள்ளங்கையில பொத்திக் குடுத்தான். நேத்து அவங்க வீட்டுக்குப் போனேன்.

பையனோட பாட்டிகிட்ட காசக் காட்டினதும் உள்ள போய் ஒரு மஞ்சத் துணி முடிச்ச எடுத்துட்டு வந்தாங்க. அவங்க அம்மா குடுத்த அஞ்சு எட்டணா, பொங்கலுக்குப் பொங்கல் சாமி முன்னாடி வெக்கறதாம். முடிச்சுல நாலுதான் இருந்துச்சு. பையன் அழுதுட்டான், திட்டாதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். புளி போட்ட பக்கம் மட்டும் பளபளன்னு இருக்கறதப் பாத்து, ‘இதென்னப்பா’ன்னு கேட்டாங்க. நான்தான்னு ஒத்துக்கிட்டேன்.

பொரிக் காசு ரெண்டு ரூபாய எண்ணிக் குடுத்தாங்க. வேணாம்னு சொன்னாலும் விடல.

புலிக்காசு அவங்களோடது இல்லையாம். அத ஒரு காகித உறையில போட்டு, தேதி எழுதி, கல்லாவுல தனியா வெச்சிருக்கேன். யாராவது கேட்டு வந்தா குடுத்துருவேன்.