பார்க்கிங்கில் காரை இடித்துவிட்டுப் போய்விட்டார்கள், கேமரா பதிவு வாங்க வழி?

கோவையில் ஒரு வணிக வளாகத்தின் அடித்தளப் பார்க்கிங். சனிக்கிழமை மாலை 6 மணிக்கும் 8.30க்கும் நடுவில், நிறுத்தியிருந்த காரை யாரோ இடித்திருக்கிறார்கள். சிவப்பு ஸ்விஃப்ட், 2020 மாடல். இடது பின்கதவிலிருந்து குவார்ட்டர் பேனல் (பின்சக்கரத்தைச் சுற்றியுள்ள பாடித் தகடு) வரை நசுங்கல். பள்ளத்தில் வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. பம்பர் கிளிப் உடைந்து ஒரு விரல் அளவு தொங்குகிறது.

குவார்ட்டர் பேனல் பாடியோடு வெல்டிங் செய்தது, கழற்றி மாட்ட முடியாது. டிங்கரிங், பெயின்டிங் சேர்த்து 14,500 ரூபாய். இன்சூரன்ஸ் கிளைம் போட்டால் 45 சதவீத நோ கிளைம் போனஸ் (கிளைம் போடாததற்கான பிரீமியத் தள்ளுபடி) போய்விடும்.

போட்டோ, பார்க்கிங் டோக்கன் இருக்கின்றன. காவல் நிலையத்தில் சிஎஸ்ஆர் (புகார் கொடுத்ததற்கான ரசீது) வாங்கியாயிற்று. அதைக் காட்டியும் வளாக நிர்வாகத்தினர் கேமரா பதிவைத் தர மறுக்கிறார்கள். போலீஸ் கடிதம் வேண்டுமாம். பழைய பதிவு தானாக அழிந்துவிடும், இன்றோடு ஐந்து நாள்.

எஃப்ஐஆர் இல்லாமல் பதிவை வாங்கியவர்கள், ஸ்டேஷனில் என்ன எழுதிக் கொடுத்து அந்தக் கடிதத்தை வாங்கினீர்கள்?