ட்ரையல் பை ஜூரியை 13 எபிசோட்ல முடிச்சது நியாயமா?

சாட்சிக்கூண்டு:
அமெரிக்காவோட லா அண்ட் ஆர்டர் போலீஸ்-கோர்ட் சீரியலும் அதுல இருந்து கிளைச்ச சீரியல்களும் இருக்கற குடும்பத்துல முதல்ல நிறுத்தப்பட்ட சீரியல் இதுதான். 2005 மார்ச் 3 ஆரம்பிச்சாங்க, மே மாசமே என்பிசி சேனல் கைகழுவிடுச்சு. மறுபடி பாத்து முடிச்சேன், ஒரு நல்ல சீரியலை வளரவே விடலைங்கறதுதான் என் கருத்து. மெயின் சீரியல்ல பாதி போலீஸ், பாதி கோர்ட், அதுல டிஃபென்ஸ் வக்கீல் ரூமுக்குள்ள என்ன பேசறாங்கன்னு பெருசா காட்டவே மாட்டாங்க. இதுல சாட்சியை உக்கார வச்சு பதில் சொல்லப் பழக்கறது, எந்த எவிடென்ஸை உள்ள விடலாம்னு ஜட்ஜ் ரூம்ல சண்டை போடறது, தீர்ப்பு சொல்லப் போற பொதுஜனக் குழுவான ஜூரி கதவைச் சாத்திட்டுப் பேசறதுன்னு எல்லாம் வருது. ஒரு கேஸை எப்படி உருவாக்குறாங்கன்னு இவ்வளவு பொறுமையா காட்டின இன்னொரு சீரியல் நான் பாத்ததில்ல.

நெல்லை நைட்ஷோ:
அண்ணா, நீங்க பெருமையா சொல்ற அதேதான் இதோட பலவீனம். ரெண்டு பக்கமும் என்ன ப்ளான் போடறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சுட்டா கோர்ட்ல என்ன திருப்பம் மிச்சம் இருக்கும்? மெயின் சீரியல்ல சாட்சி திடீர்னு மாத்திப் பேசுவான், அரசுத் தரப்பு வக்கீல் திகைச்சு நிப்பார், நாமளும் கூடவே திகைப்போம். இங்க அது போயிடுச்சு. விசாரணை, துரத்தல் எல்லாமே ரொம்பக் கம்மி, அதுக்காகவே வந்த ஜனங்க ஏன் உக்காந்து பாக்கணும்?

மாடிவீட்டு ரசிகை:
நடிகர் ஜெர்ரி ஆர்பாக்கை மறந்துட்டுப் பேசாதீங்க ரெண்டு பேரும். 1992ல இருந்து 2004 வரைக்கும் மெயின் சீரியல்ல டிடெக்டிவ் லென்னி பிரிஸ்கோவா இருந்தவர், போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆகி டிஏ ஆபீஸ், அதாவது அரசுத் தரப்பு வக்கீல் ஆபீஸ் இன்வெஸ்டிகேட்டரா இதுக்கு வந்தார், பழைய ரசிகர்களைக் கூட்டிட்டு வரப் போறதே அவர்தான்னு எல்லாரும் இருந்தப்ப ரெண்டே எபிசோட் நடிச்சு முடிச்சுட்டு 2004 டிசம்பர் 28ல கேன்சர்ல போயிட்டார், சீரியல் டிவியில வரதுக்கு முன்னாடியே. அந்த ரெண்டு எபிசோடையும் என்னால அழாம பாக்க முடியல. அவர் இருந்திருந்தா குறைஞ்சது இன்னொரு சீசனாவது வந்திருக்கும்.

நெல்லை நைட்ஷோ:
அவர் போனது எனக்கும் வலிதான் அக்கா. ஆனா மெயின் சீரியல்ல 1990ல இருந்த முகம் ஒண்ணு கூட 2010ல இல்ல, அத்தனை பேர் மாறியும் 20 வருஷம் ஓடுச்சு. அதோட அமைப்பு அவ்வளவு ஸ்ட்ராங். இது ஒரே ஆள் மேல சாஞ்சு நின்னுச்சுன்னா அடிப்படையே சரியில்லன்னுதானே அர்த்தம்?

சாட்சிக்கூண்டு:
தம்பி, 20 வருஷம் ஓடினதையும் மூணு மாசம் கூட டைம் கொடுக்காததையும் ஒண்ணா வச்சு அளக்கக் கூடாது. வியாழக்கிழமை ஆரம்பிச்சுட்டு உடனே வெள்ளி ராத்திரி 10 மணிக்குத் தள்ளினாங்க, அந்த நேரத்துல போட்டி சேனல் சிபிஎஸ்ல நம்பர்ஸ்ங்கற சீரியல் நல்லா ஓடிட்டு இருந்துச்சு. 12 எபிசோட்தான் என்பிசில வந்துச்சு, கடைசி ஒண்ணை அடுத்த வருஷம் கோர்ட் டிவில போட்டாங்க. பெபி நியூவர்த் நடிச்ச ட்ரேசி கிப்ரி கேரக்டரைப் பாருங்க, ஜெயிக்கணும்னு முடிவு பண்ணிட்டா யாருக்காகவும் இறங்கி வராத பிராசிக்யூட்டர், அந்தப் பொம்பளையை எழுத்தாளருங்க அப்பதான் புரிஞ்சுக்க ஆரம்பிச்சிருந்தாங்க.

பழைய எபிசோட்:
நான் நெல்லை பக்கம். லா அண்ட் ஆர்டரை உருவாக்கின டிக் வுல்ஃப் அடுத்த வருஷமே, 2006ல, இதோட செட்டையே வச்சு கன்விக்‌ஷன்னு இன்னொரு வக்கீல் சீரியல் எடுத்தார். அதுவும் 13 எபிசோட்ல காலி. போலீஸ் கதையைக் கழிச்சுட்டு வெறும் பிராசிக்யூட்டர் ஆபீஸை மட்டும் காட்டினா ஜனங்க வரமாட்டாங்கன்னு ரெண்டு தடவை தெரிஞ்சு போச்சு. ஏற்கனவே மெயின் சீரியல், எஸ்வியூ (ஸ்பெஷல் விக்டிம்ஸ் யூனிட்), கிரிமினல் இன்டென்ட்னு மூணு ஓடிட்டு இருக்கறப்ப நாலாவது எதுக்கு?

சாட்சிக்கூண்டு:
கன்விக்‌ஷனை இதோட சேர்க்காதீங்க சார். அது இளம் வக்கீல்களோட சொந்த வாழ்க்கை, காதல்னு போற கதை. இங்க கோர்ட்தான் கதையே.

மாடிவீட்டு ரசிகை:
நெல்லை, நீங்க 2005 மே 3ல ரெண்டு சீரியலையும் ஒரே கதையில இணைச்சு வந்த க்ராஸ்ஓவர் பாத்தீங்களா? எஸ்வியூல "நைட்"னு ஆரம்பிச்சு இதுல "டே"ன்னு முடியும். ஏஞ்சலா லான்ஸ்பரி பணக்கார அம்மா, ஆல்ஃப்ரெட் மொலினா மகன், டிஃபென்ஸ் வக்கீலா அப்ப பெருசா பேர் வாங்காத பிராட்லி கூப்பர். முதல் பாதியில குற்றவாளி யார்னு தெரிஞ்சுடும், ஆனாலும் ரெண்டாவது பாதியில கை நடுங்க உக்காந்திருந்தேன். தெரிஞ்ச உண்மையை ஜூரி முன்னாடி நிரூபிக்க முடியுமாங்கறதே பெரிய சஸ்பென்ஸ்தான்.

நெல்லை நைட்ஷோ:
"நைட்" பாத்திருக்கேன், "டே" பாக்கல. இந்த வாரம் பாத்துட்டு வரேன் அக்கா. ஆனா ஜூரி ரூம் சீன் மட்டும் எனக்கு ஒத்துக்கவே ஒத்துக்காது, உள்ள பேசறதைக் காட்டிட்டா தீர்ப்பு வாசிக்கற அந்த நிமிஷத்துக்கு என்ன மதிப்பு?