சிக்குன்குனியாவுக்குப் பின் நீங்காத மூட்டுவலி: வழி கூறுங்கள்

அனைவருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் எனக்கு வயது 52. ஐப்பசி மழையின்போது வந்த சிக்குன்குனியா காய்ச்சல் 5 நாளில் தணிந்துவிட்டபோதிலும், 7 மாதங்கள் கடந்தும் விரல், மணிக்கட்டு, கணுக்கால் மூட்டுகளில் வலியும் வீக்கமும் நீங்காமல், காலையில் கோலப்பொடியைக்கூடக் கிள்ளி எடுக்க இயலாதபடி விரல்கள் விறைத்துக் கிடக்கின்றன. இக்காய்ச்சலுக்குப் பின் சிலருக்கு மாதக்கணக்கில், ஏன் ஆண்டுக்கணக்கிலும் மூட்டுவலி நீடிக்கும் என்பதால், "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு மருத்துவர் கூறியதை என்னால் ஏற்க முடியவில்லை. புதுச்சேரி ஜிப்மரில் மூட்டுநோய்களுக்கான புறநோயாளர் பிரிவு எந்தக் கிழமைகளில் இயங்குகிறது, முடக்குவாதமா என்று அறிவதற்கான இரத்தப் பரிசோதனையை இங்கேயே செய்து முடிவைக் கையோடு கொண்டு செல்லலாமா என்பதை, அங்குச் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன். நிலவேம்புக் குடிநீரைப் பரிந்துரைக்க வேண்டாம், குடித்துச் சலித்துவிட்டேன்.