அப்பப்பாவின் மொரிஸ் மைனரில் ஹீற்றர் ஒழுக்கு

(உப்புவெளி வீட்டார், திருகோணமலை – வாட்ஸ்அப் குழு)

சனிக்கிழமை

நிரோ: பெரியப்பா, மொரிஸில் இடப்பக்கக் காலடிக் கம்பளம் ஈரமாக இருக்கிறது. மழையும் இல்லை. தொட்டால் பாணி மாதிரிப் பிசுபிசுக்கிறது, ஒரு இனிப்பு மணமும் வருகிறது. படம் போட்டிருக்கிறேன்.

நிரோ: ரேடியேற்றரில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. காருக்குக் கீழே நிலத்தில் ஒரு சொட்டும் இல்லை.

பெரியப்பா: முன்கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப்பசையாக மங்கல் படிகிறதா?

நிரோ: ஓம். துடைத்தால் இழுபடுகிறது, போகவில்லை.

பெரியப்பா: அப்படியென்றால் ஹீற்றர் கோர். டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் ஒரு குட்டி ரேடியேற்றர் உண்டு. என்ஜினின் சுடுதண்ணீர் அதற்குள் ஓடும், விசிறி அதன் ஊடாகக் காற்றைத் தள்ளும். அதில்தான் ஓட்டை. எதற்கும் எண்ணெய் அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார். எண்ணெய் பால்நிறமாக இருந்தால் ஹெட் காஸ்கற் (என்ஜினுக்குள் எண்ணெயும் தண்ணீரும் கலக்காமல் மறிக்கும் தகடு) போயிருக்கும்.

நிரோ: எண்ணெய் நல்ல சுத்தம் பெரியப்பா.

சின்ன மாமா: இந்த ஊர் வெயிலுக்கு ஹீற்றர் எதற்கு? இரண்டு குழாயையும் கழற்றி ஒன்றோடொன்று கோத்துவிடு மருமகன். சின்ன வேலை. சித்திரைக்கு நுவரெலியா போகக் கார் தயாராக வேண்டுமே.

வதனி அக்கா: எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

பெரியப்பா: தம்பி, நுவரெலியா போவதால்தான் கோக்க வேண்டாம் என்கிறேன். றம்பொடை மலைப்பாதையில் ஏறும்போது மழையும் பனிப்புகாருமாக இருக்கும். காருக்குள் ஐந்து பேர் மூச்சு விடுவார்கள், யன்னலும் பூட்டியிருக்கும். கண்ணாடிக்குச் சூடான காற்று போகாவிட்டால் வளைவில் ஒன்றும் தெரியாது. அவ்வளவு தூரம் ஏன் போவான், இங்கே மார்கழி மழையில் உட்துறைமுக வீதியில் ஓடிப் பாருங்கள், கண்ணாடி எப்படி மூடுகிறது என்று.

பெரியப்பா: இன்னொன்று. மொரிஸ் மைனரில் வெப்பமானி கிடையாது. வேகமானியும் பெற்றோல் முள்ளும் இரண்டு மூன்று விளக்கும்தான். ஏற்றத்தில் என்ஜின் சூடேறினால் ஹீற்றரை முழுதாகத் திறந்து விசிறியைப் போடலாம், அது இரண்டாவது ரேடியேற்றராக வேலை செய்யும். திறந்த ஹீற்றரில் திடீரென்று குளிர்காற்று வந்தால் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டது என்று அறியலாம், உடனே நிறுத்தலாம். அப்பா எனக்குக் கார் பழக்கியபோது முதலில் காட்டித் தந்தது அந்தக் காற்றுத் துவாரத்தைத்தான். அதை அடைக்க எனக்கு மனம் இல்லை.

சின்ன மாமா: சரி அத்தான். இப்போதைக்கு என்ஜினில் இருக்கும் ஹீற்றர் தப்பை (தண்ணீரைத் திறந்து பூட்டும் குழாய்வாயை) பூட்டிவிட்டால் ஒழுக்கு நிற்காதா?

பெரியப்பா: நிற்காது. சிலிண்டர் ஹெட்டின் பின்பக்கத்தில் இருக்கும் அந்தத் தப் போகிற வழியை மட்டும்தான் மறிக்கும். திரும்பி வருகிற குழாய் ரேடியேற்றரின் கீழ் ஹோஸோடு சேர்ந்திருக்கிறது, அந்த வழியால் அமுக்கம் கோருக்குப் போய்க்கொண்டே இருக்கும். அமுக்கம் கசிந்தால் மலையில் இன்னும் மோசம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேற்றர் மூடி அமுக்கத்தைப் பிடித்து வைத்திருந்தால் கொதிநிலை அதைவிடப் பத்துப் பாகைக்கு மேல் ஏறும்.

வதனி அக்கா: ஒழுக்கு அடைக்கிற தூள் ஒன்று கடையில் இருக்கிறதே?

பெரியப்பா: அதைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம் பிள்ளை. கோரின் குழாய்கள் ஒடுக்கம், ஓட்டையோடு சேர்த்து அதையும் அடைக்கும். இது செம்பும் பித்தளையும் கொண்டு செய்த கோர், ஈயம் வைத்து ஒட்டியது. ரேடியேற்றர் வேலை தெரிந்த எந்தப் பாஸும் (கைவேலைக்காரரும்) திருத்துவார்.

ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா: என்ஜின் ஆறியிருக்கிறதா? முதலில் பற்றரியைக் கழற்று. இந்தக் காரில் பிளஸ்தான் காரின் உடலோடு எர்த் ஆகியிருக்கிறது, மாறிப் பூட்டிவிடாதே.

அம்மா: நிரோ, வடிக்கிற தண்ணீரை நிலத்தில் விடாதே. பக்கத்து வீட்டு நாய்க்குட்டி எதையும் நக்கும்.

பெரியப்பா: அம்மா சொல்வதைக் கேள். ரேடியேற்றர்த் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் நாய் பூனைக்கு நஞ்சு. இனிப்பாக இருப்பதால் விரும்பிக் குடிக்கும். பேசினில் பிடித்துப் போத்தலில் அடைத்து வை.

நிரோ: ஹோஸ் கழருதில்லை. குறடால் முறுக்கட்டா?

பெரியப்பா: வேண்டாம், கோரின் செம்புக் குழாய் கிழிந்துவிடும். பிளேட்டால் ஹோஸை நீட்டுக்குக் கீறி உரித்து எடு. எப்படியும் புது ஹோஸ்தான் போடப்போகிறோம், அரை அங்குலம்.

நிரோ: பெட்டி வெளியே வந்துவிட்டது. படங்கள் பாருங்கள். சுற்றியிருந்த ஸ்பொஞ் தொட்டவுடனே மாவாகக் கொட்டுகிறது. கண்ணாடிக்குப் போகிற இடப்பக்கக் காற்றுக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டி முழுதாக மூடியிருக்கிறது. கோரில் குழாய் வந்து சேரும் இடத்தில் பச்சைக் களிம்பு, பெருவிரல் அகலம்.

பெரியப்பா: களிம்பு இருக்கும் இடம்தான் ஓட்டை. சுரண்டாதே, அப்படியே பாஸிடம் காட்டு. அதற்கு முன் தோட்டத்து ஹோஸால் மெதுவாகத் தண்ணீர் விடு, திரும்பி வருகிற குழாய் வழியாக உள்ளே, எதிர்த்திசையில்.

நிரோ: முதலில் தேயிலைச் சாயம், பிறகு துருக்கட்டி, பிறகு வெள்ளைச் செதில். இன்னும் வருகிறது.

பெரியப்பா: வெள்ளைச் செதில் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் வேலை. சவர்த் தண்ணீரை ரேடியேற்றருக்கு விட்டால் அப்படித்தான். வினாகிரியைக் கலந்து கோருக்குள் ஊறவிட்டு மறுபடி கழுவு.

சாந்தி மாமி: கோர் புதிதாக வாங்க முடியாதா அத்தான்?

பெரியப்பா: இங்கிலாந்திலிருந்து எடுப்பிக்கலாம். இந்தக் காருக்கு அங்கே இன்னும் எல்லாம் கிடைக்கும். 1990களில் இங்கிலாந்துக்கு வேண்டிய மொரிஸ் மைனர் தகரப் பாகங்களை இலங்கையில் செய்து அனுப்பினார்கள். ஆனால் நல்ல செம்பைத் தூக்கி எறிய எனக்கு விருப்பமில்லை. குழாய்கள் உக்கியிருந்தால் மட்டும் புதிது.

செவ்வாய்க்கிழமை

நிரோ: பாஸ் ஒரு வாயை அடைத்து மற்றதில் சைக்கிள் பம்பால் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்தார். களிம்பு இருந்த மூட்டில் மட்டும் குமிழி வருகிறது. குழாய்கள் எல்லாம் சுகம்.

பெரியப்பா: சந்தோஷம். பத்துப் பவுண்டு அமுக்கத்துக்கு மேல் காற்றடிக்க விடாதே. பெரிய நெருப்பு பிடிக்க வேண்டாம் என்றும் சொல். தகரம் கலந்த இந்த ஒட்டு ஈயம் 190 பாகைக்குள் இளகிவிடும், பக்கத்து மூட்டுகளும் சேர்ந்து விட்டுவிடும். அவற்றின்மேல் ஈரத்துணி சுற்றிவிட்டு இரும்பால் ஒட்டட்டும். முடிந்ததும் அப்பச்சோடாத் தண்ணீரில் கழுவு. ஒட்டுவதற்குப் பூசிய அமிலம் தங்கினால் அதே இடம் திரும்ப அரிக்கும்.

நிரோ: மூட்டு இப்போது வெள்ளி நிறத்தில் ஒரே கோடாக ஓடுகிறது. மறுபடி அமிழ்த்தினார், ஒரு குமிழியும் இல்லை.

சின்ன மாமா: படம் பார்த்தேன் மருமகன். நல்ல கைவேலை. அத்தான் சொன்னதே சரி.

வெள்ளிக்கிழமை

நிரோ: பூட்டிவிட்டேன். புது ஸ்பொஞ் ஒட்டினேன். குளவிக் கூட்டைக் கம்பியால் தள்ளி எடுத்தேன். ஆனால் ஹீற்றரில் குளிர்காற்றுத்தான் வருகிறது.

பெரியப்பா: தண்ணீர் ஓடும் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கிறது. என்ஜினை நிறுத்தி ஆறவிடு. தப்பைத் திறந்து வை. திரும்பி வருகிற ஹோஸை மேல்முனையில் தளர்த்திவிட்டு, ரேடியேற்றரில் மெதுவாக ஊற்று. அங்கே குமிழி இல்லாமல் தண்ணீர் வந்தபிறகு கிளிப்பை இறுக்கு. என்ன ஊற்றுகிறாய்?

நிரோ: பழைய வகைப் பச்சைக் கூலன்ட் மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர்.

பெரியப்பா: அதுதான் சரி.

நிரோ: கந்தளாய் வரை ஓடிவிட்டு வந்தேன். வழியில் ஒரு மழையும் பிடித்தது. யன்னலைப் பூட்டி ஹீற்றரைப் போட்டேன். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் இரண்டு விசிறி வடிவமாகத் தெளியத் தொடங்கி மேல்வரை போய்விட்டது. கம்பளம் காய்ந்தபடி இருக்கிறது.

அம்மா: கடவுளே, நல்லது.

பெரியப்பா: எனக்குப் பெரிய ஆறுதல் நிரோ. ரப்பர் சூட்டில் இளகி அமர்ந்திருக்கும், ஆறியபிறகு கிளிப்புகளை இன்னொரு தரம் இறுக்கு. காலையில் தண்ணீர் மட்டம் பார். மூடி எப்படி?

நிரோ: மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறது. புதியதற்குச் சொல்லியிருக்கிறேன்.

பெரியப்பா: 7 பவுண்டு மூடி. மினிக் காருக்குப் போடும் 13 பவுண்டு மூடியும் இதற்குப் பொருந்தும் என்று கடையில் தருவார்கள், வாங்காதே. பழைய கோர் அந்த அமுக்கத்தைத் தாங்காது.

நிரோ: ஓம் பெரியப்பா. எழுத்தைப் பார்த்துத்தான் வாங்குவேன்.