மூளை இல்லையா, இல்ல யாரும் சொல்லித் தரலையா? உங்க அனுபவம் சொல்லுங்க

கல்மண்டபம் பையன்:
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மனசுல குடையுது. மெக்கானிக்கல் முடிச்சுட்டு காசிமேடு பக்கம் போட் ரிப்பேர் பட்டறையில சேந்த புதுசு. இரும்பு அறுக்குற கேஸ் கட்டிங் செட்டு தெரியும்ல, நீல ட்யூபு ஆக்சிஜன், செவப்பு எரியிற கேஸு, அசிட்டிலின். ஹெல்பர் அண்ணன் டீ வாங்கப் போயிருந்தாரு. தீ வர்ற டார்ச்சுலேர்ந்து ரெண்டு ட்யூபையும் சூப்பர்வைசர் கழட்டச் சொன்னாரு. நீலம் டக்குனு வந்துச்சு. செவப்பு அசையல. ஸ்பானர்ல பைப்பைச் சொருகி மொத்த வெயிட்டையும் போட்டு இழுத்தேன். பித்தளை நட்டு, மறை போச்சு.

"டிகிரி வாங்கினியே, மூளை வாங்கினியாடா?"ன்னாரு சூப்பர்வைசர். எல்லாரும் சிரிச்சாங்க, அந்த அண்ணன் மட்டும் சிரிக்கல. டீ தம்ளரைக் கீழ வெச்சுட்டு நட்டு ஓரத்துல இருந்த சின்ன வெட்டைத் தொட்டுக் காட்டினாரு. "வெட்டு இருந்தா இடமறை தம்பி, வலப்பக்கம் திருப்பினாதான் கழலும். எரியிற கேஸுக்கு எல்லாம் திருப்பிதான் இருக்கும். ட்யூபு மாத்தி மாட்டிடக் கூடாதுல்ல. உனக்கு யாரும் சொல்லல, அவ்ளோதான்."

குடையுறது அது இல்ல. அதுக்கு முந்தின வாரம் அதே அண்ணன் பிஎஃப் பணம் எடுக்க என்கிட்ட வந்தாரு. பாஸ்வேர்டுல ஸ்பெஷல் கேரக்டர் வேணும்ணேன்னேன். "ஸ்பெஷல் கேரக்டர்னா இன்னா தம்பி, நல்ல கேரக்டரா?"ன்னு கேட்டாரு. நான் ஆபீஸ் பூரா சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அவரு காதுலயும் விழுந்திருக்கும்.

தண்டையார்பேட்டை மலர்:
எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கினவரு. இருமல் நிக்கல, சளி டெஸ்ட் எடுத்தாங்க. "பாசிட்டிவ்"னு சீட்டைக் குடுத்தாங்க. அப்பா மூஞ்செல்லாம் சிரிப்பா வெளிய வந்து "நல்லபடியா வந்திருக்காம்மா"ன்னாரு. பஸ் ஸ்டாப் கடையில எனக்கு வடை வாங்கிக் குடுத்தாரு. உள்ள ஒரு ஆளு சிரிச்சது இன்னும் காதுல கேக்குது. பாசிட்டிவ்னா நல்லதுன்னு நெனச்சதுல இன்னா தப்பு? எங்க ஸ்கூல்லயும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க.

டிபி மாத்திரை ஆரம்பிச்சதும் ஒண்ணுக்கு ஆரஞ்சா போச்சு. ரத்தம்னு அம்மா ஒரே ஒப்பாரி. அப்பா ரெண்டு நாள் பேசாம பாத்துட்டு சொன்னாரு: "மாத்திரை போட்டு கொஞ்ச நேரத்துல செவக்குது, ராத்திரிக்குள்ள வெளுக்குது. ரத்தம்னா நேரம் பாத்தா வரும்?" ஒரு நாளும் நிறுத்தல, 6 மாசம் முழுசா போட்டாரு. அது ரிஃபாம்பிசின்ங்கற டிபி மருந்தோட நிறம்னு நர்ஸம்மா அப்பறமாதான் சொன்னாங்க.

ரிட்டயர்டு வெல்டர், வியாசர்பாடி:
கல்மண்டபம் தம்பி, எல்லாரும் உன்னைத் தடவிக் குடுப்பாங்க, நான் மாட்டேன். இடமறை தெரியாதது தப்பு இல்ல. அசையலன்னதும் பைப்பைச் சொருகினியே, அதான் தப்பு. ஒண்ணு வந்துச்சு, ஒண்ணு வரல, ஏன்னு நின்னு பாத்தியா? மலரம்மாவோட அப்பா பாத்தாரு. படிப்பு குறைஞ்சா எல்லாரும் ஞானி, படிச்சவன்லாம் முட்டாள்னு இங்க யாரும் ஆரம்பிக்காதீங்க. நாலு தடவை சொல்லியும் அதே இடத்துல கையைச் சுட்டுக்கிட்டவனையும் நான் பாத்திருக்கேன்.

வந்ததுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அசிட்டிலின் சிலிண்டரைப் படுக்க வெச்சு வேலை பாக்காதீங்க. உள்ள வெறும் கேஸு இல்ல, அசிட்டோன்ல கரைச்சு வெச்சிருக்கும், படுக்க வெச்சா அந்தத் தண்ணி ட்யூபுக்கு வந்துரும். படுத்துக் கெடந்ததுன்னா நிமித்தி வெச்சு நேரம் குடுத்துட்டு அப்பறம் தொறங்க. பிரஷர் 15 பி.எஸ்.ஐ.க்கு மேல ஏத்தாதீங்க, தானா வெடிக்கும். ஆக்சிஜன் பக்கம் எண்ணெய், கிரீஸ் கையோட போவாதீங்க. லீக் பாக்க சோப்புத் தண்ணி போதும், தீக்குச்சி வேணாம். சங்கிலி போட்டுக் கட்டி வைங்க. தீ ட்யூபுக்குள்ள திரும்பிப் போவாம தடுக்குற ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாத செட்டுல வேலை குடுத்தா முடியாதுன்னு சொல்லிடுங்க.

தேரடி தினேஷ்:
வெல்டர் ஐயா, கதை சொல்ற இடத்துல கிளாஸ் எடுத்துட்டீங்க :) நம்ம கதை சின்னது. காலேஜ் சர்வேக்கு எண்ணூர் குப்பத்துக்குப் போனேன். வலை எவ்ளோ ஆழத்துல போடுவீங்கன்னு கேட்டேன். "20 பாகம்" அப்படின்னாரு பெரியவரு. நானும் ஃபார்ம்ல "20 பங்கு"ன்னு எழுதிட்டேன், அதுக்கு இன்னா அர்த்தம்னு எனக்கே தெரியாம. எட்டிப் பாத்தவரு திட்டல. எழுந்து நின்னு ரெண்டு கையையும் அகல விரிச்சாரு. "இந்த விரல் நுனிலேர்ந்து அந்த விரல் நுனி. எண்ணிக்கோ." கிட்டத்தட்ட 6 அடி. அப்ப 120 அடி ஆழம். அதுக்கு முன்னாடி 11 வீட்டுல "பங்கு"ன்னே எழுதிக் குடுத்திருந்தேன்.

கல்மண்டபம் பையன்:
வெல்டர் ஐயா, சிலிண்டர் நிமிந்துதான் இருந்துச்சு. சங்கிலி இல்ல, அது உண்மை. பைப்பு விஷயம் உறைக்குது. நேத்து அந்த அண்ணனுக்கு போன் அடிச்சேன். நம்பர் மாத்திட்டாரு போல, ரிங்கே போவல.